ஏழாம் கட்டத்தில் சந்திரன்

பாடகி பிரபாமாலினிக்குக் கணவர் நிலைக்க மாட்டார் என்று யூடியூபில் சொல்லிவிட்டு வந்துதான், அப்பாதுரை சார் அன்றைக்கு என் கடை வாசலில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தார். என்ன சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் டீ கிளாஸைப் பிடுங்கி வைத்துவிட்டு நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

என் கடை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நந்தினி என்று என் பெயர். கடைக்கு முன்னால் தகரக் கூரையின் கீழ் மேஜை போட்டு மனு எழுதுகிறவர்தான் அப்பாதுரை சார். திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவர் முன்னால் ஜனம் வரிசையில் நிற்கும். பட்டா, முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு, எதுவாக இருந்தாலும் ஒரே பக்கத்தில் அடக்கி, 'பணிவுடன் வேண்டுகிறேன்' போட்டு முடித்துவிடுவார். மற்ற நாட்களில் கூட்டம் கம்மி. அப்போது பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு யாருடைய ஜாதகத்தையாவது பார்த்துக்கொண்டிருப்பார்.

வயது ஐம்பத்தைந்து. கல்யாணம் ஆகவில்லை. அம்மா காசியம்மாள் போன பிறகு பழைய வேங்கிக்கால் தெருவில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். பஞ்சாங்கம் பார்க்காமல் பல்கூடத் தேய்க்க மாட்டார் என்று நான் கிண்டல் செய்வேன். அது முழுப் பொய் இல்லை.

பிரபாமாலினி பாட்டு என்றால் அவருக்கு உயிர். சினிமாவில் முப்பது வருஷமாகப் பாடுகிற பெரிய பாடகி. அதிலும் சோகப் பாட்டு என்றால் அந்த அம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். மத்தியானம் வெயில் ஏறி ரோடு ஓய்ந்த நேரத்தில் சார் போனை மேஜை மேல் வைத்து, சத்தத்தைக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்படிப் பாடுகிறவர் உள்ளுக்குள் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவராகவே ஒரு தீர்மானம் வைத்திருந்தார். அந்த அம்மாள் பாடி முடித்ததும் புருஷனோடு காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார், நாம்தான் இங்கே உட்கார்ந்து அழுகிறோம் என்று நான் சொல்வேன். காதில் விழாத மாதிரி இருப்பார்.

விமல்ராஜ் என்று ஒருத்தர். பைக் ஷோரூமில் வேலை. அது போக, பிரபலங்களின் ஜாதகத்தை அலசும் யூடியூப் சேனல் ஒன்றை நடத்துகிறார். ஆதார் பிரிண்ட் எடுக்க வந்த இடத்தில் சார் பாட்டுக் கேட்பதைப் பார்த்தார், பக்கத்தில் பஞ்சாங்கத்தையும் பார்த்தார். பிரபாமாலினியின் குரலுக்கு ஜாதகத்தில் என்ன காரணம் என்று கேமரா முன்னால் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டார். சார் வெட்கப்பட்டார். ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை.

பிறந்த விவரத்துக்குக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. பாடகியின் அம்மா ஒரு டிவி பேட்டியில் பெருமையாகச் சொல்லியிருந்தார்: வெள்ளிக்கிழமை, விடியக்காலம் மூன்றரை மணி, மகாலட்சுமியே வந்து பிறந்தாள் என்று. மாசமும் தேதியும்கூடச் சொல்லியிருந்தார். அதை வைத்து சார் தன் கையாலேயே கணக்குப் போட்டுக் கட்டம் எழுதினார்.

ஜாதகம் என்றால் பன்னிரண்டு கட்டம். பிறந்த நேரத்தை வைத்து எது முதல் கட்டம் என்று முடிவாகும். அங்கிருந்து எண்ணினால் இரண்டாவது கட்டம் வாக்கு, குரல். ஏழாவது கட்டம் கணவன் மனைவி. இவ்வளவு தெரிந்தால் போதும், இந்தக் கதைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் கட்டத்தைப் பற்றி அவர் பேசியதைப் பிறகு வீடியோவில் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகப் பேசியிருந்தார். அங்கே சுக்கிரனும் புதனும் சேர்ந்து இருக்கிறார்கள், எதிரிலிருந்து குரு பார்க்கிறார், இந்தக் குரல் தொண்டையில் பிறக்கவில்லை என்றார். முதல் பத்து வருஷம் யாரும் சீண்டாமல் கிடந்து, பிறகு ஒரே பாட்டில் அந்த அம்மாள் மேலே வந்ததற்குக் கிரக திசை மாறியதுதான் காரணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மனு எழுதுகிற அதே நிதானம். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

குடும்ப வாழ்க்கை எப்படி சார் என்று விமல்ராஜ் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். ஏழாம் கட்டத்தில் சனியும் சந்திரனும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஜோசியராக இருந்தால் எல்லாம் அம்பாள் அருள் என்று சொல்லிவிட்டு எழுந்திருப்பார். சாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இந்த அமைப்பு உள்ளவரோடு தாலி சம்பந்தம் வைக்கிற உயிர் தங்காது என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. விமல்ராஜ் அதைச் சிவப்பு எழுத்தில் தலைப்பாகப் போட்டுவிட்டார்.

கண் கலங்கியதற்குக் காரணம் எனக்கு மட்டும் தெரியும். அவர் ஜாதகத்திலும் ஏழாம் கட்டத்தில் அதே சனி, அதே சந்திரன்.

இந்தக் கதையை அவர் ஒரே மூச்சில் சொன்னதில்லை. கரண்டு போன மத்தியானங்களில், கொஞ்சம் கொஞ்சமாக, பத்து வருஷத்தில் சொன்னது. இளவயதில் தேரடி வீதியில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் படித்தார். பக்கத்து மிஷினில் அருணாதேவி. அடி அண்ணாமலைக்காரர். இரண்டு பேருக்கும் பிடித்துப் போய், வீட்டிலும் பேசி, ஜாதகம் மாற்றிக்கொள்கிற வரைக்கும் வந்துவிட்டது. சாருடைய பழைய ஜாதகம் மழையில் கூரை ஒழுகி வீணாகியிருந்ததால், காசியம்மாள் ஒரு ஜோசியரிடம் போய்ப் புதிதாக எழுதி வாங்கி வந்தார். எழுதிக் கொடுத்தவரே சொல்லிவிட்டார், இந்தப் பையன் தாலி கட்டினால் பெண் பிழைக்காது என்று. வாழை மரத்துக்கு ஒரு தாலி கட்டி வெட்டிவிட்டு, பிறகு பெண்ணுக்குக் கட்டலாம், தோஷம் மரத்தோடு போய்விடும் என்று ஒரு பரிகாரமும் சொன்னார்.

அருணாதேவியின் அப்பா அதற்கு ஒத்துக்கொண்டார். சார் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாழை மரத்தை நம்பி ஒரு உயிரைப் பணயம் வைக்க முடியாது என்று நினைத்தார். தோஷம் என்று தெரிந்தால் அந்தப் பெண் பயந்துபோவாள், இல்லை பரிதாபப்பட்டுக் காத்திருப்பாள். அதனால், உத்தியோகம் பார்க்கிற பெண்தான் வேண்டும் என்று தான் பிடிவாதம் பிடிப்பதாகச் சொல்லிவிடுங்கள் என்று அவள் அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். அவள் தன்னைப் பேராசைக்காரன் என்று திட்டிக்கொண்டே வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு.

அப்படியே நடந்தது. பத்துப் பொருத்தமும் பார்த்து அருணாதேவிக்குக் கல்யாணம் செய்தார்கள். கையில் பையனோடு நிற்கும்போது அந்தப் புருஷன் டிராக்டர் கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். பொருத்தத்தின் லட்சணம் அது. அருணாதேவி மறுபடி கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை; அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் ஒரு கடை போட்டு, சோடா, சுக்கு காபி, பிஸ்கட் விற்று மகன் இனியனைப் படிக்க வைத்தார். அவன் இப்போது ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான்.

அப்போதாவது போயிருக்கலாமே சார் என்று நான் கேட்டேன். என் கட்டம் மாறவில்லையே அம்மா என்றார்.

கட்டம் மாறவில்லை, அதனால் அவர் செய்ததெல்லாம் ஒன்றுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போவார். அடி அண்ணாமலையில் எதிர்ப்பக்கமாகக் கூட்டத்தோடு கூட்டமாக நடப்பார். கடையில் அந்த அம்மாள் நிற்பதைப் பார்ப்பார், நிற்காமல் போய்விடுவார். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. மறுநாள் காலையில் மேஜையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஒரு வார்த்தை சொல்வார்: "இருக்காங்க."

கொரோனா சமயத்தில் கிரிவலத்துக்குத் தடை போட்டார்கள். பௌர்ணமி வரும், போகும், சாரால் போக முடியாது. மனுஷன் இளைத்துப் போனார். கடைசியில் நான் ஒரு நாள் ஸ்கூட்டியில் போய் அந்தக் கடையில் ஒரு சோடா குடித்துவிட்டு வந்து, இருக்காங்க சார் என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார், உள்ளே வந்து என் கடையைப் பெருக்கிக் கொடுத்தார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டு காலத்தை ஓட்டுகிற ஒரு மனுஷனுக்குக் கையில் இருந்தது அது ஒன்றுதான். தன்னால் ஒரு உயிர் இருக்கிறது. தான் விலகி நின்றதால் ஒருத்தி மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். ஜனங்கள் சும்மா விடுவார்களா? பிரபாமாலினியின் கணவர் வயலின் வாசிக்கிறவர். மேடையில் அந்த அம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், நல்ல ஆரோக்கியமாக. சமீபத்தில்தான் முப்பதாவது கல்யாண நாள் கொண்டாடிய போட்டோ எல்லார் போனிலும் வந்தது. உயிரோடு இருக்கிறவரைச் சாகடிக்கிற கிழவன் யார் என்று கமெண்டில் வறுத்து எடுத்துவிட்டார்கள். நான் ஒவ்வொன்றாகப் படித்தேன், சாருக்குப் படித்துக் காட்டவில்லை. அவரே படித்துவிட்டார். திட்டு அவருக்கு உறைக்கவில்லை. முப்பது வருஷம் எப்படி நிலைத்தது என்பதுதான் அவரைக் குடைந்தது. மறுபடி மறுபடி கணக்குப் போட்டார், கணக்கு சரியாகவே வந்தது.

அந்தத் திட்டுகளுக்கு நடுவே சரோஜா என்று ஒரு அம்மாள் மரியாதையாக எழுதியிருந்தார். ஐயா, பேட்டியை மறுபடி கேளுங்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி வலி எடுத்து விடியக்காலம் பிறந்தாள் என்றுதான் அந்த அம்மா சொல்கிறார். சூரியன் உதிக்கிற வரைக்கும் நம் வீடுகளில் அது வெள்ளிக்கிழமைதான், ஆனால் இங்கிலீஷ் தேதிக்கு நடுராத்திரியோடு சனிக்கிழமை ஆகிவிட்டது. நீங்கள் ஒரு நாள் முன்னால் போட்டுவிட்டீர்கள்.

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜோசியம் படிக்கிறவனுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற விஷயம் அது. அந்த ஏழாம் கட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் மறைத்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு நாள் தள்ளிப் போட்டதும் சந்திரன் சனியை விட்டு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார். விமல்ராஜைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது, அந்த அம்மாள் கணவரோடு நூறு வருஷம் இருப்பார் என்று பேசி இன்னொரு வீடியோ போடச் சொன்னார். அதைப் பார்க்க ஆளே வரவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க சார் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. சொந்தத் தங்கச்சிக்கு நல்லது நடந்த மாதிரி எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அவர் மேஜையில் உட்காரவில்லை. நேராக உள்ளே வந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு ஜாதகம் போட வேண்டும் என்றார். பெயர் என்ன என்று கேட்டேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கார்த்திகை தீப நாளின் தேதியையும், விடியற்காலை நாலே கால் மணி என்றும் சொன்னார். போட்டேன். திரையில் கட்டம் வந்தது. பரணி நட்சத்திரம். ஏழாம் கட்டத்தில் சனியும் சந்திரனும். யாருடையது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் பிறந்த கதை எங்கள் தெருவுக்கே தெரியும். மலை மேல் தீபம் ஏற்றியதைக் காசியம்மாள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து படுத்தார். ராத்திரி வலி எடுத்தது. விடிவதற்குள் பிள்ளை பிறந்தது. தீபத்தன்றைக்கு விடியக்காலம் பிறந்தவன் என்றுதான் அவர் கடைசி வரைக்கும் எல்லாரிடமும் சொன்னார். ஜோசியரிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். மலை மேல் தீபம் ஏற்றுவது சாயங்காலம். அதைப் பார்த்துவிட்டுப் படுத்தவர் பிள்ளை பெற்றது அடுத்த விடியற்காலையில். ஜோசியரோ தீப நாளின் தேதியைப் போட்டு, அதன் விடியற்காலையை எழுதிவிட்டார். அந்த நேரத்தில் மலையில் தீபமே ஏற்றியிருக்க மாட்டார்கள். அதே விடியற்காலையில் கோயிலுக்குள் பரணி தீபம் ஏற்றுவார்கள், ஜாதகத்திலும் பரணி என்று வந்தது. பொருத்தமாக இருக்கிறதே என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு தீபமும் எப்போது என்று தெரிந்த சாருக்கே வரவில்லை. தப்பு ஏதாவது இருக்காதா என்று தேடுவதற்காகவே ஜோசியம் கற்றுக்கொண்டவர் அவர். கட்டத்தை ஆயிரம் தடவை பார்த்தார். பெற்ற தாய் சொன்ன நாளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அடுத்த நாள் தேதியைப் போடச் சொன்னார். போட்டேன். கிருத்திகை நட்சத்திரம் என்று வந்தது. சந்திரன் ஏழாம் கட்டத்தில் இல்லை. பக்கத்துக் கட்டத்தில், ரிஷபத்தில், உச்சமாக இருந்தார். ஏழில் சனி மட்டும் தனியாக. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும், எத்தனை பேருக்கு பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கல்யாணம் தாமதமாகும். அவ்வளவுதான்.

பிரிண்ட் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸுக்கு வந்த ஒருத்தரை அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டேன்.

"என்னைக் கட்டியிருந்தா அவங்க செத்திருக்க மாட்டாங்கம்மா" என்றார். பிறகு, "நான் யாரையும் காப்பாத்தல."

முப்பது வருஷம் ஒரு மனுஷன் ஊன்றி நின்ற கழி முறிந்துவிட்டது, என் கம்ப்யூட்டரில், என் கண் எதிரில். அந்த அம்மாள் பிழைத்திருப்பது இவரால் இல்லை. இவர் தனியாக இருப்பது யாருக்காகவும் இல்லை. சும்மா இருந்திருக்கிறார்.

நான் கொஞ்சம் அவசரக்காரி. கழி முறிந்தால் என்ன, ஆள் இருக்கிறார், அந்த அம்மாளும் இருக்கிறார், தாமதம் என்று ஜாதகமே சொல்கிறது, இதற்கு மேல் என்ன தாமதம் என்று எனக்குத் தோன்றியது. கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். வண்டியில் ஏறுங்க சார் என்றேன். மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். பின்னால் ஏறிக்கொண்டார்.

பௌர்ணமி இல்லாத நாளில், வெயில் நேரத்தில், கிரிவலப் பாதையில் ஒரு ஈ காக்கை கிடையாது. அடி அண்ணாமலையில் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. அருணாதேவி தன் கடையில் உட்கார்ந்து பேப்பர் கப்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்க வாயெடுத்தவர், பின்னாலிருந்து இறங்கியவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். யார் என்று கேட்கவில்லை. கப்பைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை முந்தானையால் துடைத்து வெளியே வைத்தார்.

சார் உட்காரவில்லை. நின்றபடியே, மனுவை வாசித்துக் காட்டுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னார். ஜாதகத்தில் இருந்த தோஷம், பெண் பிழைக்காது என்று ஜோசியர் சொன்னது, உத்தியோகம் என்று சொன்னது பொய் என்பது, தேதியில் நடந்த தப்பு, நேற்று வரைக்கும் அது தெரியாமல் இருந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தோஷம்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் அருணாதேவி. "ஜாதகத்தை வச்சுக்கினு எங்கப்பா பேசும்போது நான் கதவுக்கு அந்தாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். அவரு வாணாம்னுதான் சொன்னாரு. செத்தா சாவறேன், கட்டிக்கினே சாவறேன்னு நான்தான் அடம் புடிச்சேன். அதுக்கப்புறம்தான் வாழை மரத்துக்கு ஒத்துக்கினாரு."

சார் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் அந்த அம்மாள்.

"அது தப்பான ஜாதகம் அருணா. சரியா போட்டா தாமதம்தான், வேற ஒண்ணுமே இல்ல."

"சரியான ஜாதகமாவே இருந்திருந்தா இன்னிக்கு வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டார் என்பது அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். கூட்டிக்கொண்டு போன எனக்கே முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவர் இவ்வளவு வருஷம் விலகி நின்றதும் அந்தக் கட்டத்தைக் கேட்டுத்தான், இன்று வந்து நிற்பதும் அந்தக் கட்டத்தைக் கேட்டுத்தான். அந்த அம்மாளை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

அருணாதேவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பேப்பர் கப்களை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். நாங்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம். பின்னால் ஆள் உட்கார்ந்திருப்பதே தெரியவில்லை, அவ்வளவு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரம் அவர் மேஜை காலியாகக் கிடந்தது. வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது, உள்ளே வெறும் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போனில் பாட்டுகூட ஓடவில்லை. வாசலில் நின்றே பேசிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை ஜனம் வரும் என்று வந்து உட்கார்ந்தார். எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தார். பஞ்சாங்கத்தை மட்டும் பையிலிருந்து எடுக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் எழுந்து சட்டையைச் சரி செய்துகொண்டார். எங்கே என்று கேட்டேன். அடி அண்ணாமலை என்றார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது, புதன்கிழமைக்கு அது ராகு காலம். அவர் நாள் பார்க்க மறந்துவிட்டாரோ என்று நினைத்து, அதைச் சொல்லியே விட்டேன்.

"தெரியும்மா" என்றார். "அதான் இப்ப போறேன்."

ரோட்டைத் தாண்டிப் போய் பஸ் ஏறினார். நான் அன்றைக்கு இரண்டு பேருக்கு ஆதார் கார்டைத் தலைகீழாக லேமினேட் செய்து திட்டு வாங்கினேன். வருகிற போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் தாழ்கிற நேரத்தில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்து தன் மேஜையில் உட்கார்ந்தார். நான் கடையை விட்டுவிட்டு எதிரில் போய் நின்றேன்.

அவராகவே சொன்னார். கடையில் வேறு யாரும் இல்லை. அதே ஸ்டூல் வெளியே இருந்தது, உட்கார்ந்துகொண்டார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் உள்ளே போனார், பாத்திரச் சத்தம் கேட்டது.

"உள்ளேருந்து எட்டிப் பாத்து, சாப்டீங்களான்னு கேட்டாங்கம்மா."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"ஆச்சுனு சொல்லிட்டேன்."

அவர் அன்றைக்குக் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தனியாக இருக்கிறவரிடம் ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி அது. பக்கத்து வீட்டில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், நான் கேட்பேன். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று முப்பது வருஷமாக அவர் சொல்கிற பதில்தான் வாயில் வந்திருக்கிறது. அந்த அம்மாள் சரி என்று சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிட்டாராம்.